மேல்மலைல ஆறு நாள், கூட ஒரு குதிரை

அங்க டவர் சுத்தமா இல்ல, அதனால நோட்டுல கிறுக்கி வச்சிருந்தத இப்ப உக்காந்து டைப் பண்றேன். தேதி மட்டும் அப்படியே விட்டுட்டேன்.

ஜனவரி 11, சனி

பொங்கலுக்கு எல்லாரும் சொந்த ஊருக்கு ஓடுவாங்க, எனக்கு இந்த வருஷம் யாரையும் பாக்கவே பிடிக்கல, மலைக்குப் போயிரலாம்னு ஒரு நெனப்பு. கூட வர்றேன்னு சத்தியம் பண்ணவன் வியாழக்கிழமை ராத்திரி "மச்சி சாரி"ன்னு ஒரே மெசேஜ்ல கழண்டுகிட்டான். சரி போடான்னு தனியாவே கிளம்பிட்டேன்.

கொடைக்கானல்ல சாப்பிட உக்காந்த நேரத்துல பஸ்ஸை விட்டாச்சு. அடுத்தது எப்பன்னு நாலு பேர்கிட்ட கேட்டேன், நாலு பேரும் நாலு டைம் சொன்னாங்க. கடைசில மேல்மலைக்கு உர மூட்டை ஏத்திட்டுப் போற ஜீப் ஒண்ணு கிடைச்சுது. பின்னாடி யூரியா மூட்டை மேல உக்காந்து, கைல ஒரு கரும்புக் கட்டைப் பிடிச்சுகிட்டு பூம்பாறை வரைக்கும் போனேன், அங்கருந்து மன்னவனூர் ரோட்டுல இன்னும் கொஞ்ச தூரம். வளைவுல எல்லாம் நான் கரும்பைப் பிடிச்சேனா கரும்பு என்னைப் பிடிச்சுதான்னு தெரியல. எறங்கி 200 ரூபா நீட்டினா டிரைவர் நூறை எடுத்துகிட்டு நூறைத் திருப்பிக் குடுத்துட்டார். "கரும்ப கீழ விடாம வந்தீங்கல்ல."

தங்கின இடம் ஹோம்ஸ்டேன்னு சொல்ல முடியாது. பூண்டு, காரட் போடுற ஒரு அண்ணன் வீட்டுல ஒரு ரூம், சாப்பாட்டோட நாளைக்கு 900. தகரக் கூரை, ரெண்டு கம்பளி. வீட்டுல அண்ணன், அக்கா, அண்ணனோட அம்மா. அவங்கள எல்லாரும் அப்பத்தான்னாங்க, நானும் அப்படியே கூப்பிட்டேன். அடுப்புக்கு மேல பரண்ல பூண்டு கட்டுக் கட்டா தொங்குது, அடுப்புப் புகை பட்டுப் பட்டு தோலெல்லாம் பழுப்பா இருக்கு. இந்த ஊர்ப் பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. அண்ணன்கிட்ட அதப் பத்திக் கேட்டா, "குடுத்தாங்க தம்பி, வடுகபட்டி சந்தைல போய்ச் சொன்னா சிரிக்கிறாங்க"ன்னார்.

ஜீப் வந்து நின்னப்பவே வீட்டுக்குப் பின்னாடி இருந்து ஒரு கனைப்பு. சும்மா இல்ல, தொண்டை கிழியிற மாதிரி. எட்டிப் பாத்தா பனிமூட்டத்துக்குள்ள ஒரு தகரக் கொட்டகை, அதுல செம்மண் கலர்ல ஒரு மட்டக்குதிரை. ஜீப் திரும்பிப் போற வரைக்கும் அந்தப் பக்கமே பாத்துகிட்டு நின்னுச்சு, அப்புறம் தலையத் தொங்கப் போட்டுருச்சு.

"எந்த வண்டி வந்தாலும் இப்படித்தான்"ன்னார் அண்ணன். "அவளையும் வண்டிலதான ஏத்திட்டுப் போனோம்."

ஜனவரி 12, ஞாயிறு

காலைல ஒரு 4 டிகிரி இருக்கும். வெளிய வந்தா புல்லு மேல உப்புத் தூவின மாதிரி உறைபனி, காரட் இலை ஓரமெல்லாம் வெள்ளையா விறைச்சு நிக்குது, மிதிச்சா நறுக்குன்னு சத்தம். கருப்பட்டிக் காபி குடுத்தாங்க, டம்ளரைக் கைல வச்சுகிட்டே ரொம்ப நேரம் நின்னேன், குடிக்கணும்னு தோணல, சூடு போயிருமேன்னு.

நேத்து அண்ணன் "அவ"ன்னு சொன்னது யாருன்னு அக்காகிட்ட கேட்டேன். முன்னாடி ரெண்டு குதிரை. வயல்லருந்து ரோட்டுக்குப் பூண்டு மூட்டை, முட்டைக்கோஸ் மூட்டை எல்லாம் அதுங்கதான் சுமக்கும். போன வருஷம் மேக்காட்டு வரைக்கும் ரோடு போட்டாச்சு, ஜீப் வயலுக்கே வருது. ரெண்டுக்கும் கொள்ளு வாங்கிக் கட்டுப்படியாகலன்னு பொட்டைக் குதிரையை ஆடி மாசம் அந்தியூர் குதிரைச் சந்தைல வித்துட்டாங்க. கீழ்க்காட்டுக்கு இன்னும் ரோடு இல்ல, அதனால இதை மட்டும் வச்சிருக்காங்க. வாரத்துல ஒருநாள் ரெண்டுநாள் வேலை, மத்த நாளெல்லாம் கொட்டகைல நிக்கும். மாட்டுத் தொழுவத்துல கட்டலாம்ல? கட்டினாங்களாம், செவலைப் பசுவை ஒரு உதை விட்டுருச்சு, அன்னிலருந்து தனி. பேரு என்னன்னேன். பேரா? குதிரைதான்.

எனக்கு உடனே பாவமா போச்சு, ஊர்ல இருந்து வர்றவனுக்கு வர்ற அந்த ரெடிமேட் பாவம். கீழ கெடந்த முட்டைக்கோஸ் இலை ரெண்டை எடுத்துகிட்டு நேரா அது மூஞ்சிக்கு முன்னாடி போய் நீட்டினேன். காதை அப்படியே பின்னாடி படிய வச்சுது, ஒரு செகண்ட், திரும்பி பின்பக்கத்தைக் காட்டிருச்சு. அண்ணன் எங்கருந்தோ கத்திகிட்டே ஓடி வந்தார்.

அப்புறம் ஒரு கிளாஸ் நடந்துச்சு. குதிரைக்கு நெத்திக்கு நேரா இருக்கறது தெரியாது, வாலுக்குப் பின்னாடி இருக்கறதும் தெரியாது. ரெண்டு கண்ணும் பக்கவாட்டுல இருக்குல்ல. அதனால தோள்பட்டைப் பக்கமா, பேசிகிட்டே, கைய கீழ வச்சுகிட்டு வரணும். முட்டைக்கோஸ் குடுத்தா வயிறு உப்பிரும், மாட்டுக்காச்சும் வயித்துல நாலு அறை இருக்கு, இதுக்கு வாந்தி எடுக்கக்கூட வராது, உள்ள போனது போனதுதான். பூண்டுத் தாளும் ஆகாது, ரத்தத்தைக் கெடுத்துரும். காரட் குடுக்கலாம், ஆனா வட்டமா நறுக்கக் கூடாது, தொண்டைல அடைச்சுக்கும், நீளவாக்குல கீறிக் குடுக்கணும். பூண்டும் கோஸும் விளையற தோட்டத்துல நிக்கிற மிருகம் ரெண்டையும் தின்னக் கூடாதுங்கறது எனக்கு சிரிப்பா வந்துச்சு, அண்ணன் சிரிக்கல.

அக்கா ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்து குதிரை வாளில ஊத்தினாங்க. பனிக்காலத்துல பச்சத்தண்ணி ஜில்லுனு இருந்தா குதிரை சரியா குடிக்காதாம், குடிக்கலன்னா சாணி இறுகி வயித்துவலி வந்து உருண்டுரும். எனக்குக் குளிக்க வெந்நீர் கேட்டதுக்கு "சாயங்காலம் பாக்கலாம்"ன்னவங்க.

சாயங்காலம் தோள்பட்டைப் பக்கமா போனேன். கீறின காரட்டை உள்ளங்கைல வச்சேன். வாங்கல. கீழ வச்சுட்டு ரெண்டடி தள்ளி நின்னேன். நான் திரும்பினதும் கடக் கடக்னு சத்தம். அப்பத்தான் பாத்தேன், முன்னங்கால் ரெண்டுலயும், குளம்புக்கு மேல மடங்குற மூட்டுல, முன்பக்கமா மயிரு உதிர்ந்து தழும்பு. ஒண்ணு இன்னும் ஆறல. பொதி சுமந்து எங்கயோ விழுந்திருக்கும்னு நெனச்சுகிட்டேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியறதுக்கு முன்னாடியே பாயும் சாக்கும் கொளுத்துனாங்க. கிழிஞ்ச சாக்குல நாலஞ்சை மட்டும் அப்பத்தா நெருப்புல போட விடல, உருவி எடுத்துகிட்டுப் போய் குதிரைக் கொட்டகைல காத்து வர்ற பக்கம் கட்டிவிட்டாங்க. குளிரைக் குதிரை தாங்கும், மழையும் காத்தும் சேந்தாத்தான் தாங்காதுன்னு சொன்னாங்க. "மயிருக்குள்ள கைய விட்டுப் பாரு." விட்டேன், இன்னிக்கு அனுமதி கிடைச்சுது. வெளிய ஈரமா ஜில்லுனு இருக்கு, விரல் ஒரு இஞ்ச் உள்ள போனா அடுப்படி மாதிரி கதகதன்னு இருக்கு. என் ஜாக்கெட் 3,800 ரூபா, இதுல பாதி சூடு இல்ல.

மதியம் பஸ் பிடிச்சு மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குப் போனேன். மத்திய அரசோட செம்மறி ஆராய்ச்சி மையம், 1965லருந்து அங்க இருக்கு. பச்சைப் புல்வெளில பாரத் மெரினோ ஆடுங்க கும்பலா மேயுது, ஒண்ணு நகந்தா எல்லாம் நகருது. கும்பல்லருந்து ஒரு ஆடு மட்டும் ஏதோ பராக்குப் பாத்து பின்தங்கிருச்சு, அடுத்த நிமிஷம் அது கத்தின கத்து இருக்கே. செம்மறியாடு அம்பது ஆட்டோட முகத்தை ரெண்டு வருஷம் வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கும்னு 2001ல இங்கிலாந்துல கண்டுபிடிச்சாங்கன்னு எப்பயோ படிச்சது அந்த இடத்துல ஞாபகம் வந்துச்சு. பொட்டைக் குதிரையை ஆடில வித்து அஞ்சு மாசம்தான் ஆகுதுன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுருச்சு. முயலெல்லாம் இருக்கு, நான் சரியா பாக்கல.

திரும்பி வர்றப்ப தூறல். பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த பாட்டி என்னைக் கேக்காமலே அவங்க சால்வைல பாதியை என் கால் மேல போட்டுட்டுத் தூங்கிட்டாங்க. எறங்குறப்பவும் எதுவும் பேசல, சால்வையை உருவிகிட்டுப் போயிட்டாங்க.

பிடரி மயிர் முடியற எடத்துல, முதுகு ஆரம்பிக்கிற மேடு இருக்கு பாருங்க, அங்க சொறியணும்னு அண்ணன் சொல்லியிருந்தார், குதிரைங்க ஒண்ணுக்கொண்ணு பல்லால அங்கதான் கோதிவிட்டுக்குமாம், தானே எட்டிச் சொறிஞ்சுக்க முடியாத இடம். நாலு விரலையும் மடக்கி நல்லா அழுத்திச் சொறிஞ்சேன். முதல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் கழுத்து மெதுவா நீளுது, கண்ணு பாதி மூடுது, மேலுதடு மட்டும் தனியா யானைத் தும்பிக்கை மாதிரி நீண்டு காத்துல எதையோ தேடுது. தேடித் தேடி என் தோளுக்கு வந்து, பதிலுக்கு என் ஜாக்கெட்டைக் கோத ஆரம்பிச்சுருச்சு. கோதல்னா கோதல், பல்லோட. ஜாக்கெட்ல ஒரு ஓட்டை. 3,800.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன், கரண்ட் இல்ல, போன் லைட்டோட வெளிய வந்தா கொட்டகைல தட்டுன்னு தகரம் அதிர்ற சத்தம். திருடனோ காட்டுமாடோன்னு வயித்தைக் கலக்கிருச்சு. மெதுவா லைட்டை அடிச்சா குதிரைதான், நின்னுகிட்டு இருக்கு. லைட்டை அணைச்சுட்டு நின்னேன். கொஞ்ச நேரத்துல தலை கீழ கீழ போகுது, மூக்கு தரைக்கிட்ட வந்துருச்சு, முன்னங்கால் ரெண்டும் திடீர்னு மடங்கி மூட்டு தரைல மோதி, தோள் தகரத்துல இடிச்சு, படக்குனு எந்திரிச்சு கண்ண முழிச்சுப் பாக்குது. பஸ்ல நின்னுகிட்டே தூங்கறவன் மாதிரி. பாத்துகிட்டே இருந்தேன், இன்னொரு வாட்டியும் அப்படியே. அந்தத் தழும்பு ஏதுன்னு அப்பத்தான் வெளங்கிச்சு.

காலைல அண்ணன்கிட்ட சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்ல. "குதிரை நின்னுகிட்டே கண்ணசரும் தம்பி, முட்டி பூட்டிக்கும், விழாது. ஆனா ஆழ்ந்து தூங்கணும்னா படுத்துதான் ஆகணும், ஒரு அரை மணி முக்கா மணியாச்சும். அவ இருந்தப்ப ஒண்ணு படுக்கும், ஒண்ணு காவல் நிக்கும். இப்ப யாரு நிப்பா." சொல்லிட்டு மண்வெட்டிய எடுத்துகிட்டு வாய்க்கா பக்கம் போயிட்டார். எனக்குக் கோவம் வந்துச்சு. தெரிஞ்சுகிட்டே வித்துருக்காரேன்னு. அப்புறம் அக்கா வந்து முட்டைக்கோஸ் கிலோ மூணு ரூபாக்குப் போனப்ப என்ன பண்ணாங்கன்னு சொன்னாங்க, கோவம் எங்க போய் உக்காரதுன்னு தெரியாம நின்னுச்சு.

பொங்கல் ஏழு மணிக்குப் பொங்கிருச்சு, சூரியனத்தான் காணோம், மூட்டம் விலக ஒன்பதரை ஆச்சு. "அவரு வர்றப்ப வரட்டும்"னு அப்பத்தா கெழக்கப் பாத்து கும்பிட்டுட்டு பொங்கலைப் பரிமாறிட்டாங்க. மொச்சை, சேனை, காரட் எல்லாம் போட்டு ஒரு கூட்டுக் குழம்பு, பக்கத்துல பூண்டை முழுசு முழுசா போட்ட புளிக்குழம்பு. மூணு தடவை சோறு வாங்கினேன். கரும்புல ஒரு துண்டு குதிரைக்கு.

ராத்திரி நான் காவல் நிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சிரிக்காதீங்க, வீட்டுல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

நேத்து ராத்திரிக் காவல் ஃபெயில். பிளாஸ்டிக் சேர், ரெண்டு கம்பளி, மங்கி குல்லா, பிளாஸ்க்ல சுக்குக் காபின்னு செட்டப் எல்லாம் பக்கா. பதினொரு மணிக்கு உக்காந்தேன். குதிரை ரெண்டு மணி நேரம் என்னையே பாத்துச்சு. அதுக்கு என்ன சந்தேகமோ, இவன் எதுக்கு இங்க உக்காந்திருக்கான், காலைல பொதி ஏத்தப் போறானோன்னு. ஒரு மணிக்கு மேல எனக்கு ஞாபகம் இல்ல. குல்லாவை யாரோ உருவினாங்க, முழிச்சுப் பாத்தா மணி நாலரை, குல்லா குதிரை வாய்ல. ராத்திரி பூரா அதுதான் எனக்குக் காவல் நின்னுருக்கு.

மாட்டுப் பொங்கல் இங்க ஜோர். மாட்டைக் குளிப்பாட்டுறதே வெயில் வந்தப்புறம்தான், கொம்புக்கு நீலமும் மஞ்சளும், நெத்தில சந்தனம், கழுத்துல செண்டுப்பூ மாலை. அந்த உதை வாங்குன செவலைப் பசு தான் பெரிய ஆளுங்கற மாதிரி நடந்துச்சு. குதிரைக்குக் கொம்பு இல்ல, பெயிண்ட் அடிக்க எடம் இல்ல. கொட்டகைலருந்து இந்தக் கூத்தை எல்லாம் காதை முன்னாடி நீட்டிப் பாத்துகிட்டே இருந்துச்சு. அப்பத்தா ஒரு மாலையைக் கொண்டுபோய் அது கழுத்துல போட்டாங்க. "பொதி சுமக்குறதும் மாடுதான்." போட்ட மாலைய அது கழுத்தை வளைச்சு ஒவ்வொரு பூவா தின்னு முடிச்சுருச்சு, கடைசில நூல் மட்டும் தொங்குச்சு. நூலை நான்தான் அவசரமா அறுத்து எடுத்தேன், அதையும் முழுங்கிருச்சுன்னா வாந்தி வராதுல்ல.

ராத்திரி மறுபடி உக்காந்தேன். இந்தவாட்டி சேர் இல்ல. கொட்டகைல காஞ்ச புல்லைக் கொட்டி, தோள்பட்டைப் பக்கமா, சுவத்துல சாஞ்சு கீழயே உக்காந்துட்டேன். லைட்டும் இல்ல. காத்து இல்லாத ராத்திரி, குளிரு கம்பளிக்குள்ள வந்து எலும்பைத் தேடிப் பிடிக்குது. பன்னெண்டு மணிக்கு மேல அது ஒரு தடவை மூக்குக்குள்ளயே உம்ம்ம்னு ஒரு சத்தம் குடுத்துச்சு, கனைப்பு இல்ல, வாய மூடிகிட்டுப் பேசற மாதிரி. அப்புறம் புல்லை மோந்து பாத்துச்சு. நின்ன எடத்துலயே ஒரு சுத்து சுத்துச்சு. நாலு காலையும் வயித்துக்கு அடில கிட்டக் கிட்டக் கொண்டுவந்துச்சு, முன்னங்கால் மடங்குச்சு, நான் விழுதுன்னுதான் நெனச்சேன், விழல, பின்பக்கம் மெதுவா எறங்கி, பெருசா ஒரு முனகல், வயசான ஆள் கட்டில்ல உக்கார்ற மாதிரி. கொஞ்ச நேரம் நெஞ்சு மேலயே இருந்துச்சு, அப்புறம் அப்படியே சரிஞ்சு பக்கவாட்டுல நீட்டிப் படுத்துருச்சு.

நான் மூச்சு விடல. இடது காலு மரத்துப் போச்சு, தொண்டைல இருமல் வந்து நிக்குது, கம்பளியக் கடிச்சுகிட்டேன். இருட்டுல அதோட வயிறு ஏறி எறங்குறது மட்டும் தெரியுது. மேலுதடு துடிக்குது, குளம்பு புல்லுல லேசா ஓடுது, கனவுல எங்கயோ ஏற்றத்துல போகுது போல. போன்ல டைம் பாக்கக்கூட பயம், வெளிச்சம் வந்துருமேன்னு. தூரத்துல ஒரு நாய் குரைச்சுது, காது மட்டும் அசைஞ்சுது, எந்திரிக்கல. எந்திரிச்சப்ப பாத்தேன், ஒன்னு அம்பது. இருபது நிமிஷத்துக்குக் கொறையாது. ஒடம்பை ஒரு உதறு உதறிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வாளில தண்ணி குடிச்சுது. நான் ஓரமா போய் இருமித் தீத்தேன்.

ஜனவரி 16, வியாழன்

வலது பக்கம் பூரா புல்லும் சாணியும் ஒட்டி நிக்கிறதை அண்ணன்தான் முதல்ல பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். கையால தட்டித் தட்டி புல்லை உதுத்துவிட்டார். நான் இதான் சான்ஸுன்னு, இன்னொரு குதிரை வேணாம்ணே, கழுதையோ ஆடோ ஏதாச்சும் ஒண்ணு கூட கட்டலாம்ல, பந்தயக் குதிரைக்கே துணைக்கு ஆடு கட்டுவாங்கன்னேன். "நீங்க ஆறு நாள் இருந்துட்டுப் போயிருவீங்க தம்பி"ன்னார். அது கேள்வியா பதிலான்னு தெரியல.

ரூம் கணக்கு 4,500 ஆச்சு. அதுல இருநூறைத் திருப்பிக் குடுத்தார். எதுக்குண்ணேன்னா, "குல்லாக்கும் ஜாக்கெட்டுக்கும்." அப்பத்தா அரைக்கிலோ பூண்டை மஞ்சப்பைல கட்டிக் குடுத்தாங்க, பஸ்ல பூரா அந்த வாசம்தான்.

போய்ட்டு வர்றேன்னு குதிரைகிட்ட எல்லாம் சொல்லல, காரட் ரெண்டு குடுத்தேன், மேட்டுல சொறிஞ்சேன், அவ்வளவுதான். பஸ் நிக்கிற எடம் வரைக்கும் ஜீப்ல கொண்டுபோய் விட்டாங்க. ஜீப் ஸ்டார்ட் ஆனதும் கனைச்சுது. ரெண்டாவது வளைவு வரைக்கும் கேட்டுச்சு. டிரைவர் பாட்டு போட்டார், நான் வேணாம்னு சொல்லல.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்னிக்குக் காலைல வாட்ஸப்ல ஒரு போட்டோ. அண்ணன் என்னிக்கோ டவர் இருக்கிற எடத்துக்கு வந்திருக்கணும். கொட்டகைல குதிரை, இடது பக்கம் பூரா சாணி. அது வாளிக்குள்ள தலைய விட்டுகிட்டு ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டி. கீழ வாய்ஸ் மெசேஜ், பத்து செகண்ட்: "தம்பி, ஆடு ஏழாயிரம். பாதி நீங்க தரணும். ஜிபே நம்பர் இதுதான்."